தாய்லாந்து, மலேசியா எல்லையூர்களில் ஆட்களோடு பழகுவது எப்படி

முதலில் எங்கள் ஊர்க் கதை ஒன்று, அது இல்லாமல் மற்றது விளங்காது. வேதாளைக் கரையில் என் மாமா வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராமேஸ்வரம் போகிற வழியில் காரை நிறுத்திவிட்டு ஒருவர் கேமராவோடு இறங்கி வந்தார். சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை, நேராக “இலங்கை நேவி உங்களை அடிச்சிருக்காங்களா?” என்று கேட்டார். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை, “இன்னிக்கு மீன் இல்லை” என்றார். பேட்டி முடிந்தது. அதே மாதம் இன்னொரு ஆள் வந்தார், வடக்கே எங்கேயோ ஊர், தமிழ் அரைகுறை. டீக்கடையில் உட்கார்ந்தார், மறுநாளும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார், வலைக்கண் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று விசாரித்தார். மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் சோறு தின்றார். அன்றைக்கு ராத்திரி நேவி கதையெல்லாம் மாமாவே எடுத்துச் சொன்னார், யாரும் கேட்காமலேயே, பதினோரு மணி வரைக்கும்.

நான் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன், நம் பக்கத்துப் பையன்கள் நிறைய பேர் பார்க்கிற வேலைதான். லீவு சேர்த்து வைத்துக்கொண்டு வடக்கே எல்லைப் பக்கம் போய்விடுவேன்: பாடாங் பெசார், ஹாட்யாய், சுங்கை கோலோக், ஒரு தடவை ரானோங் வரைக்கும். முதல் இரண்டு பயணத்தில் நானும் அந்தக் கேமராக்காரர் மாதிரிதான் நடந்துகொண்டேன், ஒருத்தர் முகம்கூட மனதில் நிற்கவில்லை. அப்புறம்தான் மாமா வீட்டில் சோறு தின்ற ஆள் ஞாபகத்துக்கு வந்தார். இப்போது ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டிப் பையன்கள் விசா இல்லாமல் போகலாம் என்று கிளம்பிப் போய், பாங்காக்கில் நாலு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விசா விதி அடிக்கடி மாறும், கிளம்பும் முன் அரசாங்கத் தளத்தில் பாருங்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இறங்குமுன் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை தனித்தனியாக இருக்கிறது, அதையும் மறக்காதீர்கள்.

முதல் காரியம், எல்லையூரில் இரண்டு ராத்திரி தங்குங்கள். இதை யாரும் செய்வதில்லை. எல்லையூர் என்றாலே முத்திரை குத்திக்கொண்டு ஓடுகிற இடம் என்று எல்லோருக்கும் நினைப்பு, அந்த ஊர்க்காரர்களுக்கும் வருகிறவன் எல்லாம் ஓடுகிறவன்தான். பாடாங் பெசார் ரயில் நிலையத்தில் மலேசியா, தாய்லாந்து இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஒரே கட்டடத்துக்குள் முடிந்துவிடும், வெளியே எட்டிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இரண்டாம் நாள் காலையிலும் ஒருத்தன் அதே டீக்கடைக்கு வந்து நின்றால், கடைக்காரருக்கு விசாரிக்காமல் இருக்க முடியாது. “நீ இன்னும் போகலையா?” என்பார். நீங்கள் கேள்வி கேட்க வேண்டாம், அவர்களே கேட்பார்கள். மண்டபத்தில் ஒரு வெள்ளைக்காரன் மூன்று நாள் தொடர்ந்து ஒரே கடையில் பரோட்டா தின்றால் நாம் விடுவோமா?

டீக்கடை எங்கேயும் உண்டு. தாய்லாந்தின் தென்கோடி மாகாணங்களில் முஸ்லிம் டீக்கடைகளில் டீயை உயரத் தூக்கி ஆற்றுவார்கள், ‘சா சக்’ என்பார்கள், மலேசியாவில் அதுவே ‘தே தாரிக்’. நாம் டீ ஆற்றுகிற அதே கைவேலை, ஒரு தடவை நானும் ஆற்றிக் காட்டினேன், பாதி என் கைலியில் ஊற்றிக்கொண்டு. அந்தக் கடை முழுக்கச் சிரித்தது, அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை. காலை ஆறு, ஆறரைக்குப் போங்கள், வேலைக்குப் போகிறவர்கள் வந்து உட்காருகிற நேரம் அது. கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், தாய்லாந்து மணி மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். நாளைக்கு ஏழு மணிக்கு வா என்று ஒருவர் சொன்னால் எந்த ஏழு என்று கேட்டுக்கொள்ளாமல் ஒரு தடவை நான் ஒரு மணி நேரம் தெருவில் நின்றேன்.

என்ன பேசுவது? ஒரே ஒரு வாக்கியம் போதும், அதுவும் நமக்குப் பழகினதுதான். நாம் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்கிற மாதிரியே அந்தப் பக்கம் முழுக்கக் கேட்கிறார்கள். மலாயில் ‘சுடா மக்கான்?’, தாய்லாந்து மொழியில் ‘கின் காவ் ரு யாங்?’, பர்மியத்தில் ‘தமின் சா பீ பி லா?’. மூன்றும் ஒரே கேள்வி, தாய்லாந்து மொழியிலும் பர்மியத்திலும் ‘சோறு’ என்ற வார்த்தையே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இதைக் கேட்டால் இவன் நமக்குச் சாப்பாடு வாங்கித் தருவான் போல என்று யாரும் நினைக்க மாட்டார்கள், நம் ஊர் மாதிரியே ‘ஆச்சு ஆச்சு’ என்று சொல்லிவிட்டு, அடுத்து நீ எந்த ஊர் என்பார்கள். தாய்லாந்து மொழியில் ஆண்கள் கடைசியில் ‘க்ராப்’, பெண்கள் ‘கா’ சேர்த்துவிட்டால் மரியாதையும் வந்துவிடும்.

பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். இங்கே அண்ணே, அக்கா இல்லாமல் பேச்சு ஓடாது, அங்கேயும் அப்படித்தான். மலாயில் அண்ணனுக்கு ‘அபாங்’, வயதானவருக்கு ‘பாக்சிக்’, அம்மா வயதுப் பெண்ணுக்கு ‘மாக்சிக்’. தாய்லாந்தில் மூத்தவர் ஆணோ பெண்ணோ ‘பீ’, இளையவர் ‘நாங்’. பர்மியரில் அண்ணன் ‘அக்கோ’, அக்கா ‘அமா’. கீழக்கரைப் பக்கத்து ஆட்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாம் அண்ணனைக் காக்கா என்போம், மலாயில் ‘கக்கா’ என்றால் அக்கா. நான் மீசை வைத்த ஒரு படகுக்காரரைப் பழக்கதோஷத்தில் காக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் கூட்டாளிகள் நான் அந்த ஊரை விட்டுக் கிளம்புகிறவரைக்கும் அவரை அப்படியே கூப்பிட்டார்கள், அவரும் என்னை விடவில்லை, தினமும் தேடி வந்து திட்டினார், நல்ல பழக்கமாகிவிட்டது.

மலாயில் உங்களுக்கு முன்னமே கொஞ்சம் வார்த்தை தெரியும் என்பதும் உண்மை. கடை அங்கே ‘கெடை’, கப்பல் ‘காபல்’, பெட்டி ‘பெத்தி’, வியாபாரத்துக்குப் போடுகிற முதல் ‘மோடல்’. எல்லாம் இங்கிருந்து கப்பலேறிப் போனவை. மலாய்க்காரர்கள் உடுத்துகிற கட்டம்போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர், பெலிக்காட் என்றால் நம் பழவேற்காடு. இதை நான் ஒரு பாக்சிக்கிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை, மகனைக் கூப்பிட்டு போனில் தேடச் சொன்னார், பார்த்துவிட்டு என் கைலியையும் அவர் கைலியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆகவே பையில் ஒரு கைலி வையுங்கள், சாயங்காலம் அறையை விட்டு அதைக் கட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். பர்மியர் முன்பக்கம் முடிச்சுப் போடுவார்கள், நாம் வேறு மாதிரி செருகுவோம், அது ஒன்றே பத்து நிமிஷப் பேச்சு.

இனி மீன் விஷயம். நம் கடற்கரைக்காரனுக்கு இதைவிடப் பெரிய சாவி கிடையாது, இதைப் பட்டணத்துக்காரனால் செய்ய முடியாது. எந்த எல்லையூராக இருந்தாலும் மீன் இறங்குகிற இடத்துக்கு விடியற்காலை போங்கள். போட்டோ எடுக்காதீர்கள், சும்மா நில்லுங்கள், மீனைப் பாருங்கள், ஐஸ் பெட்டி தூக்க ஆள் தடுமாறினால் ஒரு கை கொடுங்கள். ரானோங்கில் படகுகளிலும் கரையிலும் வேலை செய்கிறவர்களில் பர்மாக்காரர்கள் ஏராளம், எதிர்க்கரையில் தெரிவது பர்மாவின் கவ்தாங். கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு பெண்கள் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கணவாயை எடுத்து, மை பை உடையாமல் உருவிக் காட்டினேன், உம்மா சொல்லிக்கொடுத்த வித்தை. ஒரு அம்மா கையைத் தட்டிச் சிரித்து, தன் கத்தியைக் கொடுத்து, இன்னும் நாலு கிடக்கிறது உரி என்று சைகை காட்டினார். அரை மணி நேரம் உரித்தேன். மொழி ஒரு சொல் இல்லை. அப்புறம் ஙப்பி போட்ட குழம்பும் சோறும் வந்தது, மீனையும் இறாலையும் உப்புப் போட்டு நொதிக்கவைத்து அரைத்த விழுது அது. கருவாட்டு வாசத்தில் வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் பெரிதில்லை, ஆனால் மூக்கைப் பிடிக்காமல் நான் சாப்பிட்டதை அவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

இதே மாதிரி மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் ‘பூடு’ என்று ஒன்று உண்டு, நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கிற சாறு. எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தின் பட்டாணி மாகாணத்திலும் அதுவேதான். அதை வைத்தே அந்த எல்லை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். 1909-இல் ஆங்கிலேயரும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) ஒப்பந்தம் போட்டுக் கோடு கிழித்தபோது கிளந்தான், திரங்கானு, கெடா, பெர்லிஸ் மலேசியாப் பக்கம் வந்தன, பட்டாணிப் பக்கம் சயாமோடு போனது. இன்றைக்கும் எல்லையாக ஓடுகிற கோலோக் ஆற்றுக்கு அந்தக் கரையில் மலாய் பேசுகிற தாய்லாந்துக்காரர், இந்தக் கரையில் தும்பாட் பக்கம் புத்தர் கோயில் கட்டிய சயாமியர். ராமேஸ்வரத்தில் இருக்கிறவனுக்குத் தலைமன்னாரில் சொந்தம் இருக்கிற கதைதான் இது. இதை நான் அங்கே சொல்லிப் பார்த்தேன்: எங்கள் கரையிலிருந்தும் எதிர்க்கரை பக்கம்தான், 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரைக்கும் அங்கிருந்து கப்பல் போய்க்கொண்டிருந்தது, இப்போது படகு கொஞ்சம் தள்ளிப் போனால் பிடித்துவிடுகிறார்கள் என்று. அதுவரை வெறும் இந்தியாக்காரனாக இருந்த என்னை அன்றிலிருந்து வேறு மாதிரி பார்த்தார்கள். உங்களிடம் இருக்கிற கதையை முதலில் நீங்கள் போடுங்கள், அவர்கள் கதை பின்னால் வரும்.

கையில் எதையாவது கொண்டுபோங்கள். கீழக்கரைத் தொதல் இனிப்பு மாதிரி வராது. அது நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அங்கே டோடோல் என்று அதே தேங்காய்ப்பால், அதே கிளறல். பொட்டலம் பிரித்ததும் “இது எங்களுடையது!” என்று சண்டைக்கு வருவார்கள், அந்தச் சண்டைதான் வேண்டும். கடையில் மூடி ஒட்டிய பாக்கெட்டாக வாங்குங்கள், சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள். பனையும் அப்படித்தான். சாயல்குடிப் பக்கத்து ஆள் தாய்லாந்தின் சொங்க்லா மாகாணத்தில் சதிங் பிரா போனால் ஊருக்குத் திரும்பிவிட்டோமோ என்று நினைப்பார், வயலெல்லாம் பனை, பதநீர் காய்ச்சி வெல்லம் எடுக்கிறார்கள். வியட்நாமில் கம்போடிய எல்லையை ஒட்டிய சாவ் டாக் பக்கமும் பனைதான். அங்கே சாம் என்கிற இனத்து முஸ்லிம்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசலும் இருக்கிறது. நான் போனதில்லை, கீழக்கரைக் கூட்டாளி ஒருவன் ஜும்ஆவுக்குப் போய் உட்கார்ந்து, தொழுகை முடிந்ததும் மூன்று வீட்டு விருந்துக்கு இழுக்கப்பட்டான். தொழுகிறவர்களுக்கு இது லேசான வழி. மற்றவர்களும் கோயிலோ புத்த விகாரமோ காலை நேரத்தில் போய் ஓரமாக உட்காரலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். ஆனால் கிளந்தானில் வெள்ளி, சனிதான் வார விடுமுறை, வெள்ளி மதியம் கடை திறந்திருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

பெண்களுக்கு என் தங்கச்சி சொன்னதை எழுதுகிறேன், அவள் ஒரு தடவை வந்திருந்தாள். டீக்கடை ஆண்கள் இடம், அவளுக்கு அங்கே சரிப்படவில்லை. கிளந்தானின் கோத்தா பாருவில் சித்தி கதீஜா சந்தைக்குப் போனோம், வியாபாரிகள் பெரும்பாலும் பெண்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனவள் இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள், கையில் கத்தரிக்காய், ஒரு ஆச்சியின் போன் நம்பர், தலையில் புதிதாகச் சுற்றிவிட்ட முக்காடு. சந்தையில் உட்கார்ந்து காய் ஆய்ந்து கொடுத்தாளாம்.

தமிழ் ஆட்களைத் தேடுவது பற்றி. கெடா தோட்டப்புறங்களில் கோயில் வாசலில் நின்று தமிழ் பேசினால் போதும், வேலை முடிந்தது. சயாமுக்கு ரயில் ரோடு போடப் போய்த் திரும்பாத தாத்தாக்களைப் பற்றிச் சொல்கிற குடும்பங்கள் அங்கே இன்னும் உண்டு. 1942-43-இல் ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது, நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. அந்தப் பேச்சு வந்தால் அவசரப்படாமல் கேளுங்கள். ஆனால் தமிழர் கிடைத்தார்கள் என்று பயணம் முழுக்க அங்கேயே இட்லி தின்றுகொண்டு இருந்துவிடாதீர்கள், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரரை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். மணிப்பூர் எல்லையில் மோரேயில் பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் குடியேறி, தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 கலவரத்துக்குப் பிறகு அங்கே போகிற நேரம் இது இல்லை.

எதைக் கேட்கக்கூடாது? மாமாவிடம் அந்தக் கேமராக்காரர் கேட்டதைத்தான். பட்டாணி, யாலா, நராத்திவாத்தில் அரசாங்கத்துக்கும் தனிநாடு கேட்கிறவர்களுக்கும் நடுவே 2004-இலிருந்து குண்டும் துப்பாக்கியுமாக இருக்கிறது, நீங்கள் யார் பக்கம் என்று டீக்கடையில் கேட்டால் கடையே அமைதியாகிவிடும், மறுநாள் யாரும் உங்களோடு உட்கார மாட்டார்கள். பர்மாக்காரரிடம் எதற்காக ஊரைவிட்டு வந்தாய் என்று கேட்காதீர்கள், 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு வந்தவராக இருக்கலாம், கையில் காகிதம் இல்லாதவராகவும் இருக்கலாம். அவர் முகத்தைப் படம் எடுத்து இணையத்தில் போட்டால் ஊரில் இருக்கிற அவர் குடும்பத்துக்குக் கேடு. தாய்லாந்தில் அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டுக்குக்கூட வாய் திறக்காதீர்கள், 112-ஆம் சட்டப்பிரிவு சிறைக்கு அனுப்பும். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையத்தில் தேசிய கீதம் போடுவார்கள், எல்லோரும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். சோதனைச் சாவடி, ராணுவம், பாலம், எதையும் படம் பிடிக்க வேண்டாம். கிளம்பும் முன் செய்தியும் பாருங்கள், 2025 ஜூலையில் தாய்லாந்து-கம்போடியா எல்லையில் சண்டை வந்தபோது பாதைகளை மூடினார்கள்.

ஆற்றைச் சின்னப் படகில் சும்மா தாண்டிவிட்டு வரலாம் வா என்று பழகினவரே கூப்பிடுவார். கோலோக்கில் எனக்கே நடந்தது, ஆற்றில் முழங்கால் ஆழம்தான் இருக்கும். போகாதீர்கள். தண்ணீரில் கோடு தாண்டினால் என்ன ஆகும் என்று ராமேஸ்வரத்துக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம், நீங்கள் தேடிப் போகிற ஆள் வேறு, உங்களைத் தேடி வருகிற ஆள் வேறு. பர்மா எல்லையிலிருக்கிற மே சோட்டிலோ பாங்காக்கிலோ ஒருத்தன் தானாக வந்து நல்ல இங்கிலீஷில், ஏன் நல்ல தமிழிலேயே, கம்ப்யூட்டர் வேலை, மாதம் இவ்வளவு டாலர் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மே சோட்டுக்கு எதிரே ஆற்றைத் தாண்டினால் பர்மாவின் மியாவடி, அங்கே ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைத்து வைத்து வேலை வாங்குகிறார்கள். 2022-இல் அங்கே மாட்டிக்கொண்ட தமிழ்நாட்டுப் பையன்களை மீட்டுக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுத்துவைக்காதீர்கள்.

வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். செருப்பை வெளியே கழற்றுவது, இடது கையால் கொடுக்காமல் இருப்பது, பெரியவர் எதிரே காலை நீட்டாமல் இருப்பது, இதெல்லாம் நம் வீட்டிலேயே பழகினது. குழந்தையின் தலையைத் தடவுவதை மட்டும் தாய்லாந்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், தலை அவர்களுக்கு உயர்ந்த இடம், கன்னத்தைப் பார்த்துச் சிரித்தால் போதும். பழம் வாங்கிக்கொண்டு போங்கள். காசு நீட்டாதீர்கள், குழந்தைக்கு மிட்டாய் வாங்கு என்று சொல்லிக்கூட. போனில் மொழிபெயர்ப்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு பேரும் ஒரு திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் சோறு ஆறிவிடும். நான் சாப்பாடு முடிந்த பிறகுதான் எடுப்பேன்.

ஊருக்கு வந்ததும் தொடர்பு விடாமல் இருக்க வேண்டுமானால் எந்த ஆப் என்பதைக் கிளம்புமுன்னே கேட்டுக்கொள்ளுங்கள். மலேசியாவில் வாட்ஸ்அப், தாய்லாந்தில் லைன், வியட்நாமில் ஸாலோ, பர்மாக்காரர்கள் ஃபேஸ்புக்கில் இருப்பார்கள். ஆனால் போட்டோவை அச்சடித்து அனுப்பினால் அது தனி. ரானோங்கில் கணவாய் உரித்த அன்றைக்கு அந்த அம்மாவின் மகள் அவர் போனிலேயே எங்கள் எல்லோரையும் ஒரு படம் எடுத்தாள், எனக்கும் அனுப்பச் சொன்னேன். பினாங்கில் அச்சடித்து, ரானோங் போகிற ஒரு லாரிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு படம் வந்தது. அவர்கள் வீட்டு மரப்பலகைச் சுவரில், புத்தர் படத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கத்தியும் கணவாயும் கையுமாக நான். அதை உம்மாவிடம் காட்டினேன். “கைலியை ஒழுங்காக் கட்டத் தெரியலை உனக்கு” என்றார்.